கண்ணாடியைக் கழற்றும் அறுவை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மைசூரு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் கண் மருத்துவமனைகளில் கிட்டப்பார்வைக்கு அறுவை செய்துகொள்ள விரும்புவோர் பி.ஆர்.கே., லாசிக், ஸ்மைல் எனப் பல பெயர்களைக் கேட்க நேரிடுகிறது. கட்டண அட்டையில் அடுத்தடுத்து நிற்பதால் இவை ஒரே பொருளின் மலிவான வகை, உயர்ந்த வகை என்பது போன்ற மயக்கம் எழுகிறது. உண்மையில் இவை ஒன்றன் பிழையிலிருந்து மற்றொன்று கற்றுக்கொண்டு பிறந்தவை. அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் சென்னையில் பிறந்த ஒரு வேதியியலர். கண் மருத்துவத்தோடு அவருக்குத் தொடர்பே இருந்ததில்லை.

கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் பெருமளவு வளைப்பது கார்னியா எனப்படும் கருவிழிப்படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் வளைவைச் சற்றே தட்டையாக்கினால் கிட்டப்பார்வை குறையும். தோக்கியோவின் சுத்தோமு சாத்தோ 1930களின் இறுதியில் இக்கருத்தைக் கத்திமுனையில் சோதிக்கத் தொடங்கினார். படலத்தின் முன்புறத்தோடு உட்புறத்திலும் ஆரைக்கால்களைப் போல வெட்டுகள் இட்டார். 1950களில் நூற்றுக்கணக்கான கண்களுக்கு இவ்வறுவை நடந்தது. பார்வை தெளிந்தது, நோயாளிகள் மகிழ்ந்தனர். பத்து இருபது ஆண்டுகள் கழித்து அவர்களுள் பலருடைய கருவிழி நீர் கோத்து வீங்கி மங்கியது. உட்புறத்து ஒற்றையடுக்குச் செல்களே படலத்திலிருந்து நீரை வெளியேற்றித் தெளிவைக் காக்கின்றன, அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை என்பது அறுவை செய்யப்பட்ட காலத்தில் அறியப்படவில்லை. சாத்தோவைக் கவனமற்றவர் என்று எளிதாகத் தீர்ப்பளிக்க இயலாது. எனினும் அவர் வெட்டியவை கண்ணாடி அணிந்தால் நன்றாகவே பார்த்திருக்கக்கூடிய கண்கள் என்பது மறக்கத்தக்கதன்று.

1970களில் மாஸ்கோவின் ஸ்வியத்தோஸ்லாவ் ஃபியோதரோவ் உட்புறத்தைத் தொடாமல் முன்புறத்தில் மட்டும் வெட்டும் முறையைப் பரப்பினார். அம்முறை அமெரிக்காவிலும் பெருகியது. அங்கு நடந்த நெடுங்கால ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 1994இல் வெளிவந்தபோது, 43 விழுக்காட்டுக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. வெட்டு நின்றபின்னும் விளைவு நிற்கவில்லை.

இதற்கிடையில் முற்றிலும் வேறொரு துறையில் விடை பிறந்திருந்தது. ரங்கசாமி சீனிவாசன் 1929இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1956இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1961இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்தார். 193 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியை உமிழும் எக்ஸைமர் லேசர், பாலிமர்களின் மேற்பரப்பை உருக்காமல் செதுக்குவதை அவர் கண்டார். சக ஆய்வாளர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன், உயிர்த்திசுவிலும் இது நிகழுமா என்ற கேள்வியை எழுப்பினார். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் நன்றி நவிலும் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். பச்சை ஒளி லேசர் பட்ட இடம் கருகியது. எக்ஸைமர் பட்ட இடத்தில் கூரிய விளிம்புடைய பள்ளம் மட்டுமே இருந்தது. அவ்வொளித்துகளின் ஆற்றல் மூலக்கூறுப் பிணைப்புகளையே முறிக்கப் போதுமானது. சிதறும் துணுக்குகள் வெப்பத்தையும் உடன் கொண்டு வெளியேறுவதால் சுற்றுத் திசு சுடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் மைக்ரானில் ஒரு சிறு பகுதியையே நீக்கும்.

1983இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் அவரைத் தேடி வந்தார். கன்றின் விழிகளில் நடத்திய சோதனைகளை அவ்விருவரும் போடில் பிராரனும் அதே ஆண்டின் டிசம்பரில் கட்டுரையாக வெளியிட்டனர். (மூன்றாவது பெயரைப் பொதுமக்களுக்கான வரலாறுகளில் காண்பது அரிது.) 1988இல் மார்கெரீட் மெக்டொனால்டு பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதல் பி.ஆர்.கே. அறுவையைச் செய்தார். புற்றின் காரணமாக விரைவில் அகற்றப்படவிருந்த கண் அது. சாத்தோவின் நோயாளிகளை எண்ணிப் பார்ப்போருக்கு அத்தேர்வின் எச்சரிக்கை விளங்கும்.

பி.ஆர்.கே. முறையில் மேற்தோல் அகற்றப்படுவதால் சில நாள் வலியும் மெதுவான தெளிவும் உண்டு. பொகோட்டாவின் ஹோசே பர்ராக்கேர் 1949இலேயே முன்வைத்த, படலத்தை அடுக்காகப் பிரிக்கும் உத்தியோடு எக்ஸைமரை இணைத்து, கிரீட் தீவின் இயோவானிஸ் பல்லிக்காரிஸ் 1990ஐ ஒட்டி லாசிக் முறையை உருவாக்கினார். மடலொன்றைத் திறந்து, கீழே செதுக்கி, மூடிவிடுவது. மறுநாளே பார்வை தெளியும். ஆனால் வெட்டப்பட்ட மடல் கண்ணுக்கு முன்போல வலுச் சேர்ப்பதில்லை. ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டரைத் திருத்தச் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். ஐந்து டயாப்டருக்கு 60. இதோடு மடலின் நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட தடிமனையும் கழித்த பின்னரே கண்ணைத் தாங்கும் அளவு தெரியும். அவ்வளவு போதாத கண்களில் படலம் முன்னே பிதுங்குவதை 1998இல் தியோ சைலர் பதிவு செய்தார். மடலே இல்லாமல், சிறு துளை வழியே உள்ளடுக்கின் வில்லையொன்றை உருவி எடுக்கும் ஸ்மைல் பின்னர் வந்தது. அதிலும் திசு குறைகிறது.

2013இல் சீனிவாசன், வின், பிளம் மூவரும் வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தைப் பெற்றனர். அதற்குள் அறுவைக்கு முன் படலத்தின் தடிமனையும் வளைவு வரைபடத்தையும் அளப்பது வழக்கமாகியிருந்தது. மெலிந்த படலம் உடையோருக்கு லேசர் மறுக்கப்படுகிறது. அவர்களுள் சிலருக்குக் கண்ணின் இயல்பான வில்லையை அகற்றாமலேயே கூடுதல் வில்லையொன்று உள்ளே பொருத்தப்படுகிறது. தேவை நேர்ந்தால் அதை வெளியே எடுத்துவிடலாம். செதுக்கிய திசுவைத் திரும்ப வைக்க இயலாது.