உறக்கம், நினைவு, மூளையின் நெகிழ்திறன்

அனுபவத்துக்கு ஏற்ப மூளையின் நரம்பிணைப்புகள் வலுப்பெறுவதும் தளர்வதும் புதிதாக முளைப்பதும் மூளையின் நெகிழ்திறன் எனப்படும். கற்றது நினைவில் தங்குவது இந்த மாற்றங்களால்தான். அவற்றில் கணிசமான பங்கு உறக்கத்தில் நடக்கிறது. இதைப் பலரும் 'தினம் எட்டு மணி நேரத் தூக்கம்' என்ற ஒற்றைக் கணக்காகச் சுருக்கிவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் படுத்திருந்தோம் என்பதைவிட, உறக்கம் அறுபடாமல் அதன் கட்டங்களைக் கடந்ததா என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது. இப்படிக் கருதுவதற்கான வலுவான தூண்டுதல்களில் ஒன்று சென்னையிலேயே நடந்த ஆய்வு.

உறக்கம் நினைவைக் காக்கிறது என்பதை 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் சோதனையில் காட்டினர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள், விழித்திருந்த நேரத்தில் மறந்ததைவிட உறங்கிய நேரத்தில் குறைவாகவே மறந்தார்கள். தூங்கும்போது வேறெதுவும் மூளைக்குள் நுழைவதில்லை, அதனால்தான் பழையது அழியவில்லை என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. உறக்கத்தை வெறும் காவலாளியாக்கிய அந்த விளக்கம் நெடுநாள் நின்றது. 1994-இல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் (நினைவு உருவாவதில் பங்குள்ள மூளைப் பகுதி) கண்டது அதை அசைத்தது. பகலில் எலி ஓடிய பாதையில் சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், பின்னர் ஆழ்ந்த உறக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. புதிய இயக்கத் திறனைக் கற்று உறங்கிய சுண்டெலிகளின் நரம்பணுக் கிளைகளில், இணைப்புகள் அமையும் முட்கள் கூடுதலாக முளைப்பதை 2014-இல் இன்னொரு குழு பதிவுசெய்தது. டோனோனி, சிரெல்லி இருவரின் கருதுகோள் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது: பகல் முழுதும் வலுத்துக்கொண்டே போகும் இணைப்புகளை உறக்கம் பொதுவாகச் சுருக்கி, மறுநாள் கற்க இடம் உண்டாக்குகிறது. உறக்கத்துக்குப் பின் சுண்டெலி மூளையில் இணைப்புப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் சிறுத்திருந்ததை 2017-இல் வெளியான அளவீடு காட்டியது. வளர்வதும் சுருங்குவதும் ஒரே இரவில் நடக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. சில இணைப்புகள் காக்கப்பட்டு மற்றவை குறைக்கப்படுகின்றன என்றால் இரண்டும் பொருந்தும்; ஆனால் எது தேர்வுசெய்யப்படுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

இனி சென்னைக்கு வருவோம். பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா ஆகியோர் நகரின் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கைக்கடிகாரம் போன்ற கருவியால் அவர்களது உறக்கத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021-இல் வெளியாயின. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் சராசரியாக ஐந்தரை மணி நேரமே உறங்கினார்கள். அதுவும் திரும்பத் திரும்ப விழித்து விழித்து. புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறையில் பலர் என்று காரணங்களை இந்த ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பிரிவினருக்குக் கண்பட்டை, காதடைப்பான், விசிறி முதலியவையும் ஊக்கமும் தரப்பட்டதில் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆயினும் அறிவுத்திறனிலோ வேலைத்திறனிலோ புலப்படும் முன்னேற்றம் இல்லை. வல்லுநர்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு. வேலையிடத்திலேயே பிற்பகலில் சிறிது நேரம் கண்ணயர விட்டபோதோ வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. தூங்கிய நேரத்துக்கு வேலை நேரம் குறைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்படியானால் இரவு உறக்கம் அவ்வளவு முக்கியமில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் கூடிய 27 நிமிடமும் கூடுதலாகப் படுத்திருந்ததால் வந்தது. உறக்கம் துண்டுபடுவது நிற்கவில்லை. மேலும், அங்கு நடந்த அறிவுத்திறன் சோதனைகளில் பார்க்கப்பட்டவை பெரும்பாலும் கவனமும் குறுகிய கால நினைவும்தான். நேற்றுக் கற்றது இன்று எவ்வளவு நிற்கிறது என்பதற்கான சோதனை அது அல்ல. எதிர்த்தரப்பிலும் உண்மை உண்டு. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்கள் ஓர் இரவு உறங்கி எழுந்ததும் 20 சதவீதம் வேகம் பெற்றதாக 2002-இல் வாக்கர் குழு சொன்னதை, 2008-இல் ரிக்கார்டு மறுத்தார்: பயிற்சியின் களைப்பு தீர்ந்ததைத் திறன் வளர்ந்ததாக எண்ணிவிட்டார்கள் என்பது அவர் வாதம். அதை ஏற்றுக்கொண்டால் உறக்கம் திறனைக் கூட்டுகிறது என்ற கூற்று மெலிகிறது. கற்றது நழுவாமல் நிலைப்படுத்துகிறது என்ற கூற்றுக்கு அதனால் பாதகமில்லை.

படுத்திருந்த நேரம் வேறு, அறுபடாத உறக்கம் வேறு என்பது ஏட்டளவில் நிற்பதல்ல. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பட்டறைகளிலும் ஷிப்ட் வேலை சாதாரணம். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புபவர் படுக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிக்கிறது, தெருவில் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன, தகரக் கூரை சூடேறத் தொடங்குகிறது. பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் குறைகிறது. ஆழ்துயில் ஓரளவு தப்பினாலும், இரண்டாம் கட்ட உறக்கமும் கனவு உறக்கமும் அதிகம் வெட்டுப்படுகின்றன. நினைவைப் பதிப்பதோடு தொடர்புபடுத்தப்படும் கதிர் வடிவ மின்னலைகள் மிகுதியாக எழுவது அந்த இரண்டாம் கட்டத்தில்தான். பழகிப்போனால் சரியாகிவிடும் என்பது வழக்கமான பதில். வான் டாங்கன் குழுவின் 2003 ஆய்வில் இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே உறங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அவர்களோ அதைப் பெரிதாக உணரவில்லை. பழகிவிட்டது என்று சொல்பவரின் சொந்த மதிப்பீட்டை நம்ப முடியாது என்பதே இதிலிருந்து தெரிவது.

விட்ட தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை பிடித்துவிடலாம் என்பதும் கற்றலுக்குப் பொருந்தாமல் போகலாம். 2000-இல் ஸ்டிக்கோல்ட் குழு ஒரு காட்சிப் பயிற்சி கொடுத்து, முதல் இரவு உறங்கவிடாமல், அடுத்த இரண்டு இரவுகள் நன்றாக உறங்கவிட்டுச் சோதித்தது. அந்தப் பயிற்சியின் பலன் திரும்ப வரவில்லை. புதிதாகச் சேர்ந்து, கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷினில் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுக்கக் கற்கும் பயிற்சியாளரை, கற்ற அன்றே நைட் ஷிப்டுக்கு மாற்றுவது, இந்தச் சான்றுகள் காட்டும் அளவில், கொடுத்த பயிற்சியை வீணாக்கும் ஏற்பாடாகவே கருதத் தக்கது.