அமெரிக்கக் கல்லூரிகளில் சியர்லீடர் தேர்வு

சியர்லீடிங் என்பது முழக்கம், நடனம், பல்டி, மனிதக் கோபுரம் ஆகியவற்றின் மூலம் விளையாட்டரங்கில் பார்வையாளர்களை உற்சாகப்படுத்தும் செயல்பாடாகும். 2008 ஆம் ஆண்டு தொடங்கிய ஐபிஎல் கிரிக்கெட் போட்டிகள் வழியாகவே இந்திய இரசிகர்கள் பலருக்கு இது அறிமுகமானது. ஆனால் இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கல்லூரி வளாகமாகும். அங்கு இக்குழுக்களில் சேர ஆண்டுதோறும் நடத்தப்படும் தேர்வு ‘டிரைஅவுட்’ எனப்படுகிறது. இக்குழுவில் இடம்பெறத் தகுதியானவர் யார் என்பதற்கான விடை நூறாண்டுகளுக்கும் மேலாக மாறி வந்துள்ளது.

தோற்றம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் போட்டிகளில் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து முழக்கமிடும் வழக்கம் இருந்தது. 1898 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர் ஜானி கேம்பல் கூட்டத்தின் முன் வந்து நின்று முழக்கத்தை வழிநடத்தினார். தொடர் தோல்விகளால் சோர்ந்திருந்த அணிக்கு ஊக்கமூட்டவே இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. இதுவே சியர்லீடிங்கின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

தொடக்கக் காலத்தில் இக்குழுக்களில் ஆண்கள் மட்டுமே இருந்தனர். உரத்த குரலும் மாணவரிடையே செல்வாக்கும் முதன்மைத் தகுதிகளாக இருந்தன. இப்பொறுப்பு தலைமைப் பண்பின் அடையாளமாக மதிக்கப்பட்டது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனாவர், முழங்கால் காயத்தால் கால்பந்தாட்டத்தைக் கைவிட்ட பின்னர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சியர்லீடராக இருந்தார்.

பெண்களின் வருகை

1920களில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழுவில் பெண்கள் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் பெருமளவில் படையில் சேர்ந்ததால் காலியான இடங்களைப் பெண்கள் நிரப்பினர். போர் முடிந்த பின்னரும் அவர்களே பெரும்பான்மையினராக நீடித்தனர்.

1948 இல் லாரன்ஸ் ஹெர்கிமர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் முதல் பயிற்சி முகாமை நடத்தினார். அதில் 52 பெண்களும் ஓர் ஆணும் பங்கேற்றனர். அவர் தேசிய சியர்லீடர் சங்கத்தையும் நிறுவினார். ஒரு காலை நீட்டி மறுகாலை மடக்கித் தாவும் ‘ஹெர்கி’ தாவல் அவர் பெயரால் வழங்குகிறது. 1974 இல் ஜெஃப் வெப் தொடங்கிய மற்றொரு அமைப்பு, கரணத்துக்கும் தூக்கு வித்தைகளுக்கும் முதன்மை அளித்தது. இதனால் தேர்வில் உடற்திறனின் பங்கு உயர்ந்தது.

தேர்வும் சமூக நீதியும்

தேர்வு எப்போதும் நேர்மையாக நடந்ததில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் கிறிஸ்டல் சிட்டி உயர்நிலைப் பள்ளியில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களே பெரும்பான்மையினர். எனினும் நான்கு சியர்லீடர் இடங்களில் ஒன்று மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் என்ற எழுதாத வழக்கம் நிலவியது. இதையும் வேறு பாகுபாடுகளையும் எதிர்த்து 1969 டிசம்பரில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அடுத்த மாதம் பள்ளி நிர்வாகம் அவர்களின் கோரிக்கைகள் பலவற்றை ஏற்றது. 1970 ஏப்ரலில் நடந்த தேர்தலில் லா ராசா உனிடா கட்சி அங்குள்ள பள்ளி வாரியத்தில் இடங்களை வென்றது. ஒரு குழுவில் கிடைக்காத இடம், ஓர் ஊரின் அரசியலையே மாற்றக் காரணமாயிற்று.

இன்றைய தேர்வும் ஆயத்தமும்

பல கல்லூரிகள் வசந்த காலத்தில், அடுத்த கல்வியாண்டுக்கான தேர்வை நடத்துகின்றன. முன்பே குழுவில் இருந்தவர்களும் பொதுவாக மீண்டும் தேர்வில் பங்கேற்க வேண்டும். மருத்துவச் சான்று தேவைப்படும். சில கல்லூரிகள் முதலில் காணொளியைக் கேட்கின்றன. சில நேர்காணலும் நடத்துகின்றன.

தேர்வில் பெரும்பாலும் பல்டி, தூக்கு வித்தை, தாவல், நடனம், முழக்கம் ஆகியவை மதிப்பிடப்படுகின்றன. நின்ற இடத்திலிருந்தே கைகளை ஊன்றிப் பின்புறமாகப் புரள்வதும், கை ஊன்றாமல் பின்பல்டி அடிப்பதும் பல குழுக்கள் எதிர்பார்க்கும் திறன்கள். தூக்கு வித்தையில் மேலே நிற்பவர் ‘பிளையர்’ என்றும், கீழே தாங்குபவர் ‘பேஸ்’ என்றும், விழாமல் காப்பவர் ‘ஸ்பாட்டர்’ என்றும் அழைக்கப்படுகின்றனர். பல்டியைத் தனியாகப் பழகலாம். தூக்கு வித்தையைத் துணையின்றிப் பழக முடியாது. எனவே தேர்வுக்கு முன் கல்லூரிகள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் சேர்வது முக்கிய ஆயத்தமாகும். கல்லூரியின் விளையாட்டுப் பாடலையும் அதற்கான அசைவுகளையும் கற்பது மற்றொன்று.

விளையாட்டா, துணைச் செயல்பாடா?

இவ்வளவு கடுமையான தேர்வு இருந்தும், சியர்லீடிங் கல்லூரி விளையாட்டாக ஏற்கப்படுமா என்பது நீதிமன்றம் வரை சென்றது. குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009 இல் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, போட்டிச் சியர்லீடிங் அணியை உருவாக்க முடிவு செய்தது. கைப்பந்து வீராங்கனைகள் வழக்குத் தொடுத்தனர். போட்டிச் சியர்லீடிங் இன்னும் முறையான போட்டிக் கட்டமைப்பைப் பெறாததால், பாலினச் சமத்துவச் சட்டத்தின் கீழ் அதை விளையாட்டாகக் கணக்கிட முடியாது என 2010 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2012 இல் அதை உறுதி செய்தது.

2021 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, பன்னாட்டுச் சியர் ஒன்றியத்துக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. குரல் வளத்தையும் செல்வாக்கையும் பார்த்து ஆளெடுத்த ஒரு செயல்பாடு, அதற்குள் தேர்ந்த உடற்திறனைக் கோரும் துறையாக வளர்ந்துவிட்டது. உயரத்திலிருந்து விழுந்தால் ஏற்படும் காயம், அது விளையாட்டா இல்லையா என்று பார்த்து வருவதில்லை. ஆகவே விளையாட்டு என்ற தகுதி குறித்த விவாதம், இத்தேர்வில் வெற்றிபெறும் மாணவர்களின் பயிற்சி வசதியையும் பாதுகாப்பையும் பற்றிய விவாதமாகவும் தொடர்கிறது.