சிறு சேவைத் தொழிலுக்குத் துணைநிற்கும் ஒரு பக்க ஒப்பந்தம்

தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் சேவையையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர். திருமண மேடை அலங்காரம், விருந்துச் சமையல், மாலை கட்டுதல், மருதாணி, புகைப்படம், தையல் எனப் பல வேலைகள். வாடிக்கையாளர் பெரும்பாலும் உறவினராக இருப்பார், அல்லது தெரிந்தவர் சொல்லி வந்தவராக இருப்பார். எழுதிக் கையெழுத்துக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கத்தில், வாய்ப்பேச்சிலேயே வேலை தொடங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததும் ஒப்பந்தமாகலாம். மின்னியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது 2010ஆம் ஆண்டு மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம். ஆனால், பேசியதை நிரூபிப்பதுதான் கடினம். மேடைக்கு அசல் பூவா, செயற்கைப் பூவா? விருந்து 300 பேருக்கா, 350 பேருக்கா? எழுத்தில் இல்லாவிட்டால், ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல் மட்டுமே மிஞ்சும்.

2020 தந்த பாடம்

கொவிட்-19 காலத்தில் இந்தச் சிக்கல் பலருக்கும் புரிந்தது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கட்டுப்பாடுகள் தொடங்கியபோது திருமணங்கள் நின்றன. மண்டபம், உணவு, அலங்காரம், புகைப்படம் எனக் கொடுத்த முன்பணம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. அதே நாளில் நாடாளுமன்றம் கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, தகுதிபெற்ற நிகழ்ச்சி ஒப்பந்தங்களில் முன்பணத்தைச் சேவை வழங்குபவர் தாமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. உடன்பாடு ஏற்படாவிட்டால் மதிப்பீட்டாளர் முடிவு செய்வார். அந்த ஏற்பாடு தற்காலிகமானது. இன்று நிகழ்ச்சி தள்ளிப்போனால், இரு தரப்பும் முதலில் பார்க்க வேண்டியது தாங்கள் எழுதிக்கொண்டதைத்தான்.

எவற்றை எழுத வேண்டும்?

சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் செய்வதற்கான முத்தரப்புத் தரநிலை 2018ல் வெளியிடப்பட்டது. அது வலியுறுத்தும் அம்சங்கள் எளிமையானவை:

• இரு தரப்பினரின் பெயர்
• என்ன வேலை, எந்த நாள், எந்த இடம்
• எவ்வளவு பணம், எப்போது தர வேண்டும்
• ஒப்பந்தத்தை எப்படி மாற்றலாம்
• பிணக்கு வந்தால் எப்படித் தீர்ப்பது

இவற்றோடு, விலையில் அடங்காதவற்றையும் குறிப்பது நல்லது. கூடுதல் நேரம், போக்குவரத்து, கடைசி நேரத்தில் கூடும் விருந்தினர் ஆகியவற்றால்தான் பெரும்பாலும் மனக்கசப்பு வருகிறது.

ரத்துக் கட்டணத்தில் கவனம் தேவை. ஒப்பந்தத்தை மீறுபவர் தர வேண்டிய தொகை, ஏற்படக்கூடிய இழப்பின் உண்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் டென்கா வழக்கில் உறுதிப்படுத்தியது. தண்டனைபோல் பெருந்தொகை எழுதினால் அது செல்லாமல் போகலாம். பூவும் பொருளும் வாங்கும் நாளை ஒட்டி, படிப்படியாகக் கூடும் கட்டணத்தை எழுதினால் காரணம் காட்டுவது எளிது.

கட்டுமானத் துறையில் துணைக் குத்தகை எடுப்போருக்கு எழுத்து இன்னும் முக்கியம். முடித்த வேலைக்கான பணத்தை விரைவாகக் கோர வழிசெய்யும் சட்டம் 2005 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அது எழுத்துவடிவ ஒப்பந்தங்களுக்கே பொருந்தும்.

பணம் வராவிட்டால்

சேவைக் கட்டணம் தொடர்பான வழக்கைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். வாடிக்கையாளர் மட்டுமின்றி, தொழில் செய்பவரும் அங்குக் கோரலாம். 2019 நவம்பர் முதல் அதன் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கு வழக்கறிஞர் வாதாட முடியாது. சம்பந்தப்பட்டவரே பேச வேண்டும் என்பதால், கையிலிருக்கும் தாளும் குறுந்தகவலுமே அவருக்குத் துணை. சுயதொழில் செய்வோர், பிணக்கு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசப் பேச்சுக்கும் விண்ணப்பிக்கலாம். மறுதரப்பும் சம்மதித்தால்தான் அது நடக்கும்.

உறவினரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால், பேசி முடித்த அன்றே விவரங்களைக் குறுந்தகவலில் அனுப்பி, "சரிதானே?" என்று கேட்கலாம். "சரி" என்று வரும் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் ஏதாவது மாறினால், அதையும் அதே உரையாடலில் எழுதி ஒப்புதல் பெற வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகும் உறவு கெடாமல் இருக்க அது உதவும்.