மாத்திரை வேறு என்ற வாதம்: ஜெர்மனியில் கூட்டு ஹார்மோன் சிகிச்சையும் மார்பகப் புற்றுநோயும்

அமெரிக்காவின் ‘பெண்கள் நல முன்முயற்சி’ ஆய்வில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென்–புரோஜெஸ்டோஜென் கூட்டு மருந்து கொடுத்த பிரிவு, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடியதால், 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அப்போது ஜெர்மன் பெண்நோய் மருத்துவர்களிடையே எழுந்த மறுமொழி ஒன்று இன்றும் ஆய்வுகளில் தலைகாட்டுகிறது: அது நம் மருந்து அல்ல. அங்கே கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜெனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிடேட்டும். இங்கே பரவலாகப் புழங்குவது எஸ்ட்ராடையாலும் நாரெத்திஸ்டிரோன் வகையும். ஆகவே அந்த ஆபத்தை இங்கே ஏற்றிப் பார்க்கலாகாது. (குதிரை ஈஸ்ட்ரோஜென் ஜெர்மன் மருந்துக்கடைகளிலும் விற்றது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) வாதத்தின் முற்பாதி சரி. பிற்பாதிக்குச் சான்று இல்லை. இருக்கும் சான்றோ எதிர்த்திசையைக் காட்டுகிறது.

அந்தச் சான்று ‘மரீ’ ஆய்வு. ஹாம்பர்க்கிலும் ரைன்-நெக்கார்–கார்ல்ஸ்ரூவே வட்டாரத்திலும் மார்பகப் புற்றுநோய் கண்ட 50–74 வயதுப் பெண்களை, அதே வட்டாரங்களின் நோயற்ற பெண்களோடு அது ஒப்பிட்டது. 2008இல் வெளியான பகுப்பாய்வில் மாதவிடாய் நின்ற 3,464 நோயாளிகளும் 6,657 ஒப்பீட்டுப் பெண்களும் இடம்பெற்றனர். அப்போது ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தோருக்கு, ஒருபோதும் எடுக்காதோரோடு ஒப்பிட்டால், மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பு விகிதம் 1.73. இது எல்லா வகை மருந்துக்கும் சேர்த்த எண். பிரித்துப் பார்த்தால் சுமை கூட்டு மருந்தின் மேல்தான் விழுகிறது. அதிலும் நாரெத்திஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரல் வழிவந்த புரோஜெஸ்டோஜென்களின் மேல்.

அமெரிக்க ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குக் கிடைத்த 1.26 என்ற ஆபத்து விகிதத்தை இந்த 1.73இன் பக்கத்தில் வைத்து ‘ஜெர்மன் மாத்திரை இத்தனை மடங்கு மோசம்’ என்று சொல்லிவிட முடியாது. அது சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை. மருந்தை இடையில் விட்ட 42 விழுக்காட்டினரும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். ஆனால் ‘நம் மருந்து பாதுகாப்பானது’ என்ற முடிவுக்கு எந்த எண்ணிலிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம் அல்லவா?

‘மரீ’யை மறுப்போர் நினைவுப் பிழையைக் காட்டுகிறார்கள். நோய் வந்தவள் தான் விழுங்கிய மாத்திரைகளை நன்றாக நினைவுகூர்வாள், மற்றவள் மறப்பாள், எனவே விகிதம் ஊதிப்போகும் என்பது அவர்கள் வாதம். ஆய்வுக் காலத்தில் 2002 ஜூலைச் செய்தியும் வந்ததால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ‘மரீ’யில் பால்மடல் வகைப் புற்றுநோயின் தொடர்பு பால்நாள வகையினதைவிட வலுவாக இருக்கிறது. தன் கட்டி நுண்ணோக்கியில் எந்த வகை என்று பார்த்தா ஒருத்தி மாத்திரையை நினைவுகூர்வாள்? மறதி எல்லா வகைக்கும், எல்லா மருந்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்திருக்க வேண்டும். தரவு அப்படி இல்லை. மருந்தை நிறுத்திய பின் ஆபத்து தணிந்ததையும் நினைவுப் பிழையைக் கொண்டு விளக்குவது கடினம். ஒப்பீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோரே வந்தார்கள் என்ற குறை உண்மையிலேயே கனமானது. அது விகிதத்தின் உயரத்தை மாற்றலாம். வகைகளுக்கு இடையிலான வரிசையைக் கலைக்கும் என்று நான் கருதவில்லை.

அமெரிக்கப் பெண்கள் பருமனானவர்கள், அவர்களின் ஆபத்து நமக்குப் பொருந்தாது என்ற பழைய ஆட்சேபத்துக்கு ஒரு வரி போதும்: கூட்டு மருந்தின் மார்பக ஆபத்து மெலிந்தவர்களிடம்தான் விகிதத்தில் கூடுதல்.

பதிவேடுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. 2002க்குப் பின் ஜெர்மனியில் ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் சரிந்தன. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் மார்பகப் புற்றுநோய்ப் பதிவும் அதைப் பின்தொடர்ந்து இறங்கியது. அமெரிக்காவிலும் அப்படி ஓர் இறக்கம் தெரிந்தது. அதற்குச் சிலர் சொல்லும் ‘மேமோகிராம் தெவிட்டல்’ (பரிசோதனை பரவி முடிந்ததால் புதிதாகக் கண்டறிவது குறைந்தது என்ற விளக்கம்) இங்கே எடுபடாது. ஜெர்மனியின் ஒழுங்கமைந்த பரிசோதனைத் திட்டமே 2005இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் தனிப்பட்ட முறையில் மேமோகிராம் எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் திடீரென்று குறைந்ததாக யாரும் காட்டவில்லை.

இதையெல்லாம் ஏற்பதற்காக, ஜெர்மன் மருத்துவர்களின் மருந்து ஆணையத்தின் அன்றைய தலைவர் ப்ரூனோ முல்லர்-ஓர்லிங்ஹவுசன் 2003இல் ஹார்மோன் சிகிச்சையைத் தாலிடோமைடோடு ஒப்பிட்டதையும் ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வின் கணக்கில் 10,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் கூடுதலாக 8 மார்பகப் புற்றுநோய், 8 பக்கவாதம். இடுப்பு எலும்பு முறிவு 5 குறைவு. இது பேரழிவு அல்ல. 2019இல் வெளியான சர்வதேசத் தொகுப்பாய்வின்படி, 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டு நாள்தோறும் கூட்டு மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர் கூடுதலாக நோயுறுவார். இதை அற்பம் என்றும் சொல்ல இயலாது.

புரோஜெஸ்டோஜெனையே விட்டுவிடலாமே என்றால், கருப்பை உள்ளவளுக்கு ஈஸ்ட்ரோஜென் மட்டும் கொடுத்தால் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் காத்திருக்கிறது. இன்று ஜெர்மனியில் பலர் நாடும் நுண்துகள் புரோஜெஸ்டிரோன் மார்பகத்துக்கு மென்மையானது என்று பிரான்சின் ‘ஈ3என்’ ஆய்வு காட்டியது. அதே ஆய்வின் 2014 வெளியீடு, அதை எடுத்தவர்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் கூடியிருந்ததைக் காட்டுகிறது. முதல் முடிவை மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள் பல இரண்டாவதை ஏன் தாண்டிச் செல்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.