கல்லூரி வாயிலும் எல்லைக் கோடும்

மைசூருக்குத் தெற்கே சுமார் 40 மைல் தொலைவில் அமைந்தது சாமராஜநகர். அரிகுட்டாரம் என்பது அதன் பழம்பெயர். தம் தந்தையார் சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பது பற்றி, மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1818ஆம் ஆண்டில் அதற்கு இப்புதிய பெயரைச் சூட்டினார். அங்கிருந்து ஏறத்தாழ 25 மைல் சென்றால் கொள்ளேகால். இரண்டும் அண்டை ஊர்கள். எனினும், 1956ஆம் ஆண்டு வரையில் முன்னது மைசூர் அரசுக்கு உட்பட்டது. பின்னது சென்னை அரசாங்கத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளை எந்தக் கல்லூரியை நாடுவது, எந்தச் சான்றிதழைக் காட்டி இடம் கேட்பது என்பவற்றை இவ்வெல்லைக் கோடு நெடுங்காலம் தீர்மானித்து வந்தது.

தொடக்கத்தில் அப்படி இல்லை என்பதுதான் விந்தை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, கல்லூரி வாயிலில் நின்ற காவலாள் மெட்ரிகுலேஷன் பரீட்சை. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த முதற் பரீட்சைக்கு வந்தவர் 41 பேர். தேறியவர் 36 பேர். பள்ளியில் பிள்ளை எவ்வாறு படித்தான் என்று பல்கலைக்கழகம் கேட்கவில்லை. தானே வினாக் கொடுத்துத் தானே மதிப்பிட்டது. மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. ஆகவே சாமராஜநகர்ப் பிள்ளையும் கொள்ளேகால் பிள்ளையும் எழுத வேண்டிய பரீட்சை ஒன்றே. அரசு இரண்டு, வாயில் ஒன்று. அவ்வாயிலைக் கடந்த பின்னும் கவலை தீர்ந்ததில்லை. 1903ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷன் தேறிய கணித மேதை இராமானுஜன், ஏனைய பாடங்கள் கைகொடாமையால் எப்.ஏ. பரீட்சையைக் கடக்க இயலாது போனதை நேயர்கள் அறிவர்.

1911ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வேரூன்றியது. இதை ஒரு சிறு புரட்சி என்றே சொல்லலாம். பள்ளியில் பெற்ற மதிப்பெண், பிறந்த தேதி, அங்க அடையாளம் யாவும் ஒரு புத்தகத்தில் ஏறின. அரசாங்கப் பரீட்சையின் எண்களும் அதிலேயே பதிந்தன. கல்லூரிப் படிப்புக்குத் தகுதியுடையவன் என்று ஒரு வரி அதில் இடம்பெற்றுவிட்டால் போதும், வீட்டில் விருந்துதான். 'எலிஜிபிள்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தறியாத பாட்டிமாரும் உச்சரித்த காலம் அது. அந்தப் புத்தகத்தில் தலைமையாசிரியர் குறித்த பிறந்த தேதியே பின்னர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும் நாளையும் நிர்ணயித்தது.

எல்லைக் கோடு கல்விக்குள் புகுந்தது 1916இல். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், திவான் விசுவேசுவரையாவின் முயற்சியால், அவ்வாண்டு ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் அது. மகாராஜா கல்லூரியும் சென்ட்ரல் கல்லூரியும் சென்னையைவிட்டு அதன்கீழ் வந்தன. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சை ஒன்றும் வந்து நின்றது.

அதில் தோற்றவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர் ஒரு தமிழர், நாவலாசிரியர் ஆர். கே. நாராயண். அவருடைய தந்தையாரோ மைசூரில் மகாராஜா கல்லூரிக்கு முற்பட்ட உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர்! முதல் முறை தேறாத நாராயண், ஓராண்டு காலம் வீட்டிலிருந்தும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் அமர்ந்தும் கண்ட நூல்களையெல்லாம் படித்தார். மறு முறை தேறிக் கல்லூரி புகுந்து, 1930இல் பட்டம் பெற்றார். இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் தோன்றுவது வேறு. தலைமையாசிரியர் மகனுக்கு நூலகம் திறந்திருந்தது. ஓராண்டு சும்மா இருக்கச் சோறும் இருந்தது. சாமராஜநகரின் சிறு கடைக்காரர் மகன் தோற்றிருந்தால், மறுநாளே தராசைப் பிடித்திருப்பான். (அதே மகாராஜா கல்லூரியில் உளவியல் போதித்த எம். வி. கோபாலசுவாமி, 1935இல் தம் வீட்டில் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த நிலையத்துடன் வழங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.)

கொள்ளேகால் மாணவன் நிலை இன்னும் சங்கடமானது. மைசூர்க் கல்லூரி அவனுக்கு அருகில். ஆனால் அது வேற்றரசின் கல்லூரி. அவனுடைய ஜில்லாத் தலைநகரான கோயம்புத்தூருக்கோ, திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் வழியாகச் செல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. கொள்ளேகால் தாலுகா மைசூரைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தின் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள் இனி மைசூரை நோக்க வேண்டியதாயிற்று. தமிழில் 'விண்ணப்பம்' என்பதும் கன்னடத்தில் 'பின்னப' என்பதும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. ஆயினும் மைசூர் அலுவலகங்களில் வழங்கும் சொல் 'அர்ஜி'. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய செய்திகளில் ஆசை அதிகம், நேயர்கள் பொறுத்தருள்க.

இதற்குள் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. தேறியோர் பலர், இடமோ சில, யாருக்குக் கொடுப்பது? சென்னையில் மருத்துவ, பொறியியல் இடங்களை 14, 14ஆகப் பிரித்துச் சமூகவாரியாக வழங்கிய ஆணையை 1951இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. அதன் விளைவாக அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. மைசூர் அரசாங்கம் 1962 ஜூலையில் 68 சதவிகித இடங்களை ஒதுக்கியபோது, ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் பாலாஜி வழக்கில் கூறிற்று. பிறகு மைசூர் நேர்முகத் தேர்வைக் கையாண்டது. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவிகித அளவு அதற்கு வைக்கப்பட்டது. பொது அறிவு, ஆளுமை, விளையாட்டு, என்.சி.சி. பயிற்சி எல்லாம் எடையிடப்பட்டன. 1964இல் நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. மேசைக்கு அப்பால் அமர்ந்த பெரியவர்கள் முன் ஆங்கிலத்தில் பேசிப் பழகாத கிராமத்துப் பிள்ளைக்கு 'ஆளுமை' மதிப்பெண் எவ்வளவு கிட்டியிருக்கும்? இம்முறை எனக்கு உடன்பாடில்லை. நேர்முகத்தின் பெயரால் நுழையக்கூடிய பாரபட்சத்தை எழுத்துப் பரீட்சையின் குறைகளுக்கு ஈடாகச் சொல்ல முடியாது. சென்னையில் மருத்துவ இடங்களை ஜில்லாவாரியாகப் பங்கிட்ட ஏற்பாடும் 1968இல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் சாமராஜநகர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது கொள்ளேகாலும் அதனுள் வந்தது. இன்று அவ்விரு ஊர் மாணவர்களும் பொறியியல் படிப்புக்கு ஒரே பொது நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். அதன் மதிப்பெண்ணும் பி.யு.சி. மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்க்கப்படுகின்றன.

ஆனால் சாமராஜநகரிலிருந்து 20 மைலுக்குள், ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்த தாளவாடி இருக்கிறது. அங்கும் வீடுகளில் கன்னடம் பரவலாகக் கேட்கிறது. 1956இல் அது சென்னை மாநிலத்தோடே நின்றது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. தாளவாடி மாணவன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே விண்ணப்பிக்கிறான். கர்நாடக அரசின் இடத்தை அவன் விரும்பினாலோ, அம்மாநிலத்தில் ஏழாண்டு படித்திருக்கிறானா என்ற கேள்விக்கு முதலில் விடை கூற வேண்டும்.