கண் சிமிட்டும் நேரம் கூட வாழாதவை

பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கு டாட்டா காட்டிவிட்டு பி.காம். சேர்ந்தவன் நான். எதைப் பார்த்தாலும் "இதனால் என்ன லாபம்?" என்று கேட்பது எங்கள் குரூப்புக்கே உள்ள வியாதி. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துக் கேட்க வைத்த கதை இது.

வாயுக்களில் வினை நடக்கும்போது மூலக்கூறுகள் உடைந்து துண்டுகள் உண்டாகும். இணை இல்லாத எலக்ட்ரானோடு திரியும் துண்டுக்கு ரேடிக்கல் என்று பெயர். எதிர்ப்பட்டதோடு ஒட்டிக்கொண்டு உடனே காணாமல் போய்விடும். பல சமயம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட அதன் ஆயுள் இல்லை. அதனால் வினையின் தொடக்கமும் முடிவும்தான் தெரியும். ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் கையில் இருக்க, பேரேடு மட்டும் தொலைந்துபோன கடை மாதிரி!

போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் ரேடார் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் போர்ட்டர், 1945-ல் கேம்பிரிட்ஜில் ரொனால்ட் நாரிஷிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பலமான விளக்கைத் தொடர்ந்து எரித்து ரேடிக்கல்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். கண்டுபிடிக்கும் அளவுக்குச் சேரவே இல்லை. அப்போது போர்ட்டருக்கு ஒரு யோசனை. மின்தேக்கிகளில் சேர்த்து வைத்த மின்சாரம் முழுவதையும் ஒரே பளிச்சில் செலவழித்தால்?

முதல் பளிச் வாயுவை உடைக்கும். மிகச் சிறிய இடைவெளி விட்டு, இரண்டாவது பளிச் அந்த வாயு வழியே போய்ப் படத்தட்டில் விழும். ஒவ்வொரு ரேடிக்கலும் தனக்கே உரிய நிறங்களை மட்டும் விழுங்கும். நிறமாலையில் அந்த இடங்கள் குறைந்து தெரியும். அதுதான் கைரேகை. இடைவெளியை மாற்றி மாற்றிப் படமெடுத்தால், அது பிறந்து மறையும் கணக்கும் கிடைத்துவிடும்.

1949-ல் முறையை வெளியிட்டார்கள். 1967-ல் நோபல் வந்தது. பரிசில் பாதி மான்ஃபிரெட் ஐகனுக்கு, இவர்களுக்குக் கால் கால் பங்கு!

1960-ல் லேசர் வந்ததும் பளிச்சின் நீளம் இன்னும் சுருங்கியது. 1968-ல் போர்ட்டரும் மைக்கேல் டாப்பும் லேசரை வைத்து, நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ நொடி அளவில், கிளர்வுற்ற மூலக்கூறுகள் ஒளியை விழுங்குவதையே பதிவு செய்தார்கள்.

சரி, லாபம்? அங்கேதான் வருகிறேன்.

1950-களின் தொடக்கத்தில் போர்ட்டர் குளோரினையும் ஆக்சிஜனையும் கலந்து பளிச்சடித்தார். குளோரின் மோனாக்சைடு என்ற ரேடிக்கல் தெரிந்தது. அவை ஒன்றோடொன்று மோதி மறைவதை அளந்து எழுதி வைத்தார்கள். அன்று அதற்கு மார்க்கெட் மதிப்பு பூஜ்யம்.

1974-ல் மோலினாவும் ரோலண்டும், குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரேக்களிலும் இருந்த சி.எஃப்.சி. வாயு மேலே போய் உடைந்து, அதன் குளோரின் ஓசோனைத் தின்னும் என்று எச்சரித்தார்கள். தின்னும்போது உண்டாவது? அதே குளோரின் மோனாக்சைடு! 1985-ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளியானது. 1987-ல் சிலியிலிருந்து பறந்த நாசாவின் ஈஆர்-2 விமானத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சனின் கருவி இருந்தது. செப்டம்பர் 16 அன்று அது வரைந்த கோடுகளில், குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்திலெல்லாம் ஓசோன் இறங்கியிருந்தது. மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாள்தான். அந்த ரேடிக்கல்கள் இரண்டிரண்டாக இணைவதுதான் அங்கே ஓசோன் அழிவுக்கு முக்கிய வழி என்பதும் தெரியவந்தது. ஆதாரம் வலுத்ததும், 1990-ல் லண்டனில் விதிகளை இன்னும் கடுமையாக்கினார்கள்.

எங்கள் கணக்கு மார்ச் 31-ல் முடிந்துவிடும். போர்ட்டர் எழுதிய அந்த ஒரு வரவு நேராக முப்பத்தைந்து வருடம் ஆனது. நடுவில் எந்த வருடம் பேலன்ஸ் ஷீட் போட்டிருந்தாலும் "வீண் செலவு" என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு. வரட்டுமா?