கோவை வெட் கிரைண்டர்

ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தண்ணீர் விட்டு ஆட்டும் மின் எந்திரம் வெட் கிரைண்டர். கோயம்புத்தூரிலும் சுற்று ஊர்களிலும் உருவாகும் இது, ‘கோவை வெட் கிரைண்டர்’ என்ற பெயரில் 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. தென்னிந்தியப் பெண்களின் தோள்வலியை இந்த அளவுக்குக் குறைத்த எந்திரம் வேறில்லை.

தோற்றம்

கிரைண்டரின் வரலாறு சமையலறையில் தொடங்கவில்லை. பழுது பார்க்கும் பட்டறையில் தொடங்குகிறது. 1888-ல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்ததிலிருந்து கோவையில் ஆலைகள் பெருகின. எந்திரங்கள் சீமையிலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்றுக்குக் கப்பலை எதிர்பார்த்து ஆலையை நிறுத்தி வைக்க முடியாது. உடைந்ததைப் பார்த்து அச்செடுத்து வார்த்து, லேத்தில் கடைந்து கொடுப்பவர்களுக்கு இங்கே வேலை இருந்தது. கரும்பு ஆட்டும் எந்திரங்களும் இதே வழியில் வந்தன. நாராயணசாமி நாயுடுவின் தண்டாயுதபாணி ஃபவுண்டரி, விவசாயிகளின் கரும்பாலைகளைச் செப்பனிட்டும் வார்த்தும் வளர்ந்தது. 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் எழுந்தது. 1932-ல் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் வேண்டும் என்ற தேவை பிறந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். ஆக வார்ப்பு, கடைசல், மோட்டார் கட்டுதல் ஆகிய மூன்று கைவேலைகளும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் கிடைத்தன. நான்காவதான கல், ஊத்துக்குளிப் பக்கத்துக் கற்குழிகளிலிருந்து வந்தது.

இவை நான்கையும் ஒன்றுசேர்த்து 1955-ல் முதல் கிரைண்டரைச் செய்தவர் பி. சபாபதி. ஆட்டாங்கல்லில் உரல் அசையாது, குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் இது தலைகீழானது: மோட்டார் உரலைச் சுற்ற, குழவி மேலே ஒரு பிடியில் நின்ற இடத்திலேயே உருளும். மனிதக் கை செய்த வட்ட அசைவை எந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பக்கவாட்டில் ஒட்டும் மாவை நடுவுக்குத் தள்ள ஒரு பலகை போதுமானது. இவ்வளவு எளிய தீர்வு என்பதால்தான் சிறு பட்டறைகளும் இதைச் செய்ய முடிந்தது.

வகைகள்

முதல் வகை, நிலையாக நிற்கும் ஒற்றைக் குழவிக் கிரைண்டர். மாவை வழிக்கக் குழவியைத் தூக்கி எடுத்துக் குனிய வேண்டும். இரண்டாவது சாய்க்கும் கிரைண்டர். உரலையே கவிழ்த்து மாவை வாளியில் ஊற்றிக்கொள்ளலாம். விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் இதைத்தான் விரும்புகின்றன. 10 லிட்டரிலிருந்து 40 லிட்டர் வரை ஆர்டருக்கு ஏற்பச் செய்கிறார்கள். மூன்றாவது டேபிள் டாப். கோவையின் எல்ஜி (ELGI) தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த எல்.ஜி. வரதராஜ் கொண்டுவந்த வடிவம் இது. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் பதித்த கல்லின்மேல் கூம்பு வடிவக் கற்கள் உருளும். தூக்கிக் கழுவ எளிது, இடம் அடைக்காது. ஆனாலும் பொங்கும் உளுந்து மாவுக்குப் பெரிய ஒற்றைக் குழவிதான் உயர்ந்தது.

மிக்சியின் கத்தி வேகமாகச் சுழன்று மாவைச் சூடாக்கும். கல் மெதுவாக நசுக்குவதால் மாவு குளிர்ந்தே இருக்கும். உளுந்தின் பசையில் காற்று சிறைப்பட்டு மாவு பொங்கும். இட்லி பஞ்சுபோல வருவதற்குப் புளிப்பு மட்டுமல்ல, இந்தக் காற்றும் காரணம்.

பழுதும் மாற்றமும்

கிரைண்டரின் முதல் நோய் கல் வழவழப்பாகிவிடுவது. அரைக்க நேரம் அதிகமாகும், மாவு சூடாகும், அரிசி நொய்யாகவே நிற்கும். கல்லை மீண்டும் சொரசொரப்பாக்க, கொத்துக்காரர் குழவியைச் சாக்கின்மேல் கிடத்தி, உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் சிறு சுத்தியலால் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போவார். ஆழமாகக் கொத்தினால் மாவில் கல் உதிரும். மேலோட்டமாகக் கொத்தினால் விரைவில் மீண்டும் மழுங்கும். கொத்திய பின் தவிடு போட்டு ஓட்டி, வரும் சாம்பல் நிற விழுதைக் கொட்டிவிட்ட பிறகே அரிசி போட வேண்டும். இரண்டாவது நோய் ஆயில் சீல் தேய்ந்து மாவுத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்குவது. கறகறவென்ற சத்தம் கேட்ட உடனே கழற்றினால் பேரிங்கோடு போகும். தள்ளிப்போட்டால் ஷாஃப்டையும் கடைய வேண்டியிருக்கும்.

ஆர்டருக்கு ஏற்ப மாற்றித் தருவதும் கிரைண்டர் செய்யும் பட்டறைகளின் பழக்கம். தேங்காய் துருவவும் மாவு பிசையவும் இணைப்புகள் அப்படித்தான் சேர்ந்தன. அமெரிக்கா போகும் எந்திரத்துக்கு 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார் கட்டுகிறார்கள். அங்குள்ள சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் கோவை டேபிள் டாப்பில் கோக்கோவை அரைத்துப் பார்த்தார்கள். கல் அதற்கும் பொருந்தியது. அரை மணி நேர வேலைக்குச் செய்ததை ஒரு நாளுக்கு மேல் நிறுத்தாமல் ஓட்ட வேண்டியிருந்ததால், பலமான மோட்டாரும் பெல்ட்டும் கொண்ட தனி மாதிரிகள் பிறந்தன.

இன்றைய நிலை

2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. கிரைண்டர் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் தொடங்கி, 2017 நவம்பரில் 12, 2019-ல் 5 என இறங்கி, 2022 ஜூலையில் 18 சதவீதமாக ஏறியது; சிறு உற்பத்தியாளர்களுக்கு இது அநியாயமான சுமை. பாக்கெட் மாவு விற்பவர்கள் இப்போது பெரிய கிரைண்டர்களை வாங்குகிறார்கள்.